ஆல்பத்தை முழுசாகக் கேட்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ், ராக், மேற்கத்திய செவ்வியல், கர்நாடகம், இந்துஸ்தானி, மெட்டல், ரெகே என எந்த வகையைக் கேட்பவர்களானாலும் ஆல்பம் பற்றிக் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான். எங்களுக்குப் பிடித்த ஆல்பங்களையே உதாரணமாக வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம். அதனால் சில இடங்களில் பதில் நீளும். அதற்கு அந்த ஆல்பங்கள்தான் பொறுப்பு.

பத்துப் பாட்டைச் சேர்த்து வைத்தால் அது ஆல்பமா?

இல்லை. பெயர் வந்த கதையைப் பார்த்தால் விஷயம் புரியும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். நீளமான ஒரு படைப்பை நாலைந்து தட்டுகளில் பதிந்து, போட்டோ ஆல்பம் மாதிரி அட்டை போட்ட உறைகளில் அடுக்கி விற்றார்கள். ஆல்பம் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்பியைக் கொண்டுவந்தபோது ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. எதில் தொடங்குவது, முதல் பக்கத்தை எதில் முடிப்பது, தட்டைத் திருப்பியதும் எதைக் கேட்க வைப்பது என்று இசைக்காரர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். அந்த யோசனை இருந்தால் ஆல்பம், இல்லாவிட்டால் தொகுப்பு.

1982இல் சிடி வந்து 74 நிமிடம் வரை இடம் கொடுத்தது. இடம் இருக்கிறதே என்று நிரப்பியதில் கெட்டுப்போன ஆல்பங்கள் ஏராளம். இந்தப் பக்கத்தில் சொல்லும் ஆல்பங்களில் பெரும்பாலானவை ஐம்பது நிமிடத்துக்குள் முடிபவை. அது தற்செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை.

வரிசை மாற்றிக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடிகிறது. ஒரு பாட்டின் வாலும் அடுத்த பாட்டின் தலையும் ஒட்டியே இருக்கும். உண்மையான இடைவெளி தட்டைத் திருப்பும் இடத்தில் மட்டும்தான். கலைத்துப் போட்டுக் கேட்டால் ஒவ்வொரு பாட்டும் பாதியில் அறுந்த மாதிரி நிற்கும்.

போனில் கேட்பதற்கு முன் நாலு இடத்தைப் பார்க்க வேண்டும். வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். கிராஸ்ஃபேட் சுழியத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பாட்டு தேய்ந்து அடுத்ததன் மேல் ஏறும். கேப்லெஸ் என்ற வசதி இயங்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் பாட்டுகளுக்கு நடுவே அரை நொடி மௌனம் விக்கல் மாதிரி வரும். கடைசியாக ஒலிச் சமன். அதை ஆல்பம் வாரியாகச் செய்யும் செயலி என்றால் பரவாயில்லை. பாட்டு வாரியாகச் செய்தால், மெதுவாக இருக்க வேண்டிய பாட்டைத் தூக்கியும் உரக்க இருக்க வேண்டியதைத் தாழ்த்தியும் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடும். (ஸ்பாட்டிஃபையில் ஆல்பத்தின் முதன்மைப் பொத்தானே ஷஃபிளாக இருந்த காலம் உண்டு. 2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்ட பிறகுதான் அதை மாற்றினார்கள்.)

இந்த ஆல்பத்துக்கே உரிய ஒரு எச்சரிக்கை: தொடக்கத் துடிப்பு மிக மெல்லியது. கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டி வைத்தால், ‘டைம்’ பாட்டின் ஆரம்பத்தில் எல்லாக் கடிகாரங்களும் ஒன்றாக அலறும்போது ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிவீர்கள். ஒலி அளவை இரண்டாவது தடத்தில் வைத்துச் சரிசெய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

‘மணி’ பாட்டின் ஏழு எண்ணிக்கை மேற்கத்திய ராக் ரசிகர்களுக்குப் புதிராக இருந்திருக்கலாம். மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது வீட்டுச் சமாசாரம். சாக்ஸஃபோன் ஏழிலேயே வாசித்து முடிக்க, கிதார் வரும்போது தாளம் நாலுக்கு மாறும், பிறகு மறுபடி ஏழு. கையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டால் அந்த இரண்டு திருப்பமும் கையிலேயே பிடிபடும்.

ஜாஸ் புரியவில்லை. எங்கே தொடங்குவது?

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959). எல்லோரும் சொல்வதுதான், ஆனால் கர்நாடக இசை பழகிய காதுக்கு இதைச் சொல்வதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. அதுவரை ஜாஸில் ஒவ்வொரு கணத்துக்கும் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு, மாறிக்கொண்டே இருக்கும், வாசிப்பவர் அதன் பின்னால் ஓட வேண்டும். இந்த ஆல்பத்தில் ஒரு சுர வரிசையைக் கொடுத்து, அதற்குள்ளேயே வெகுநேரம் உலவ விட்டார்கள். ராகம் பாடுகிறவர் செய்வதும் ஏறக்குறைய அதுதானே.

முதல் தடமான ‘ஸோ வாட்’ டோரியன் என்ற சுர வரிசையில் இருக்கிறது. அதன் சுரங்கள் கரகரப்பிரியாவின் சுரங்கள். கமகம் இல்லை, பிடிகள் இல்லை, எனவே ராகம் கரகரப்பிரியா என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சுரக் கட்டு அதேதான். இரண்டு கட்டை, அதாவது டி, இதன் ஆதாரம். முப்பத்திரண்டு அளவுகள் (நாலு எண்ணிக்கை ஓர் அளவு) கொண்ட சுற்றில் முதல் பதினாறு அந்த ஆதாரத்தில். அடுத்த எட்டுக்கு ஆதாரமே அரைச் சுரம் மேலே ஏறுகிறது. கடைசி எட்டில் பழைய இடத்துக்கே இறங்குகிறது. ஒவ்வொருவர் வாசிப்பிலும் இந்தச் சுற்று திரும்பத் திரும்ப வரும். முதல் தடவை கேட்கும்போது வேறு எதையும் கவனிக்காமல் அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் மட்டும் பிடித்துவிடுங்கள். அதன் பிறகு யார் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்துகொண்டே இருக்கும். தாளம் தெரிந்தபின் தனி ஆவர்த்தனம் கேட்பது மாதிரி.

ஒன்றரை நிமிடம் ஆனதும் டேவிஸின் ட்ரம்பெட் நுழையும் இடத்தில் ஜிம்மி காப் தட்டும் சிம்பலைக் கேளுங்கள். சற்று பலமாக விழுந்த அடி. அதன் ரீங்காரம் ட்ரம்பெட்டின் முதல் சுரங்களுக்கு அடியில் தேய்ந்துகொண்டே போகும்.

அதே ஆல்பத்தின் பழைய தட்டில் சுருதி உயர்ந்து இருக்கிறதே, என் பிளேயரில் கோளாறா?

உங்கள் பிளேயரில் இல்லை, தட்டில்தான். 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியாவின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் பதிவு நடந்தபோது மூல நாடா ஓடிய இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் வேகமும் சுருதியும் கூடும். முதல் பக்கத்தின் மூன்று தடங்களும் அரைச் சுரத்தில் ஏறத்தாழ பாதி உயர்ந்து போயின. இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22 அன்று பதிவானது. அதில் பிழை இல்லை. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய எத்தனையோ பேர் தங்கள் வாத்தியத்தைத்தான் சந்தேகித்திருப்பார்கள்.

அன்று பாதுகாப்புக்காக இன்னொரு இயந்திரத்திலும் பதிந்திருந்தார்கள். அது சரியான வேகத்தில் ஓடியது. 1992இல் அந்த நாடாவிலிருந்து திருத்திய பதிப்பு வந்தது. 1997க்குப் பிறகு பரவலாகக் கிடைப்பது திருத்தியதுதான். சோதிக்க வேண்டுமானால் போனில் ஒரு சுருதிச் செயலியைத் திறந்து ‘ஸோ வாட்’ தொடக்கத்து பேஸ் சுரங்களைப் பாருங்கள். டியில் நின்றால் திருத்தியது; டிக்கும் டி ஷார்ப்புக்கும் நடுவில் தத்தளித்தால் பழையது. வாத்தியம் வாசிப்பவர்கள் திருத்தியதையே வாங்குங்கள். வெறுமனே கேட்பவர்களுக்கு இரண்டும் நல்லதுதான். முப்பது வருஷம் உலகம் காதலித்தது அந்தப் பிழையோடு சேர்த்துத்தான்.

பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்: க்ளென் கூல்டின் 1955 பதிவா, 1981 பதிவா?

இரண்டும். ஆனால் ஒரே நாளில் அல்ல.

இரண்டுமே மேலே சொன்ன அதே 30ஆம் தெரு ஸ்டூடியோவில் பதிவானவை. அது ஒரு பழைய தேவாலயக் கட்டடம். 1955இல் பியானோக் கலைஞர் கூல்டுக்கு 22 வயது. முழு ஆல்பமும் முப்பத்தெட்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். 1981 பதிவு 51 நிமிடம். ‘ஏரியா’ என்ற தொடக்கப் பகுதி (அதை வைத்து எழுதிய மாறுபட்ட வடிவங்கள்தான் வேரியேஷன்கள்) முதலாவதில் இரண்டு நிமிடத்துக்குள் முடியும்; இரண்டாவதில் மூன்றைத் தாண்டும். ‘இளமையில் வேகம், முதுமையில் நிதானம்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் உருக்கமான 25ஆம் வேரியேஷன் 1955 பதிவில்தான் சற்று நீளம்! கூல்டு 1981இல் தேடியது மெதுவை அல்ல, ஒரு வேரியேஷனின் நடைக்கும் அடுத்ததன் நடைக்கும் இடையே ஒரு கணக்கை. இரண்டாவது பதிவில் காலால் தாளம் தட்டிக்கொண்டே இருங்கள். வேரியேஷன் மாறும்போது அந்தத் தட்டு இரட்டிப்பாகவோ பாதியாகவோ அடுத்ததற்குள் பொருந்திப் போவதைப் பல இடங்களில் உணரலாம்.

முதன்முறை கேட்பவர்கள் வழி தவறுவது ஒரே இடத்தில்தான். ஏரியாவின் மெட்டு பின்னால் வருமென்று காத்திருப்பார்கள். வராது. சங்கதி போடும்போது வரியின் உருவம் நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். இங்கே நிலைத்திருப்பது மெட்டு அல்ல, இடது கை வாசிக்கும் அடிக்குரலின் போக்கு. எனவே முதலில் ஏரியாவை மூன்று தடவை கேட்டு, கீழ்க் குரலை மட்டும் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிடிமானம் எண்ணிக்கை. முதலிலும் கடைசியிலும் ஏரியா, நடுவில் 30. ஒவ்வொரு மூன்றாவதும் ஒரு கேனன், அதாவது ஒரு குரல் தொடங்க, அதே மெட்டை இன்னொரு குரல் சற்றுப் பின்னால் துரத்தும். 3ஆவதில் துரத்தும் குரல் அதே சுரத்தில் வரும், 6இல் ஒரு படி தள்ளி, 9இல் இன்னும் ஒரு படி தள்ளி. 27 வரை இப்படியே. 30இல் பத்தாவது கேனனை எதிர்பார்த்து உட்கார்ந்தால் பாக் நாட்டுப்பாடல் மெட்டுகளைக் கோத்து வேடிக்கை காட்டுவார். 15, 21, 25 மூன்று மட்டும் மைனரில். வெயிலில் நடக்கும்போது மேகம் குறுக்கிட்ட மாதிரி இருக்கும்.

பின்னால் யாரோ முனகுகிறார்கள் என்று தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். அது கூல்டுதான். வாசிக்கும்போது கூடவே பாடுவார்.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ கேட்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

1986இல் வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. வயலின் வி.எஸ். நரசிம்மன். பாட்டு வரி கிடையாது. சினிமாப் பாட்டின் இடையிசை மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால் முதல் தடவை ஏமாற்றமாக இருக்கும். இடையிசைக்கு ஒரு பல்லவி காத்திருக்கும், இங்கே திரும்பிப்போகப் பல்லவி இல்லை.

ஒரு சின்ன வீட்டுப்பாடம் செய்தால் போதும். துணையில்லா வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் முதல் பகுதியை, பிரெல்யூடை, நாலு நிமிடம் கேளுங்கள். வில் நிற்காமல் ஓடும். உடனே ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ தடத்துக்கு வாருங்கள். அதே பிரெல்யூட் ஓட, அதைச் சுற்றி ராஜாவின் சொந்த வரிகள் எங்கே நுழைகின்றன, எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். எது பாக், எது ராஜா என்று பிரித்துச் சொல்ல முடிந்த பிறகு மீதி ஆல்பம் திறந்துகொள்ளும்.

ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 1988இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ இதைவிட எளிதாக ஒட்டும். ஆனாலும் இதை முதலில் கேளுங்கள் என்போம்.

அப்படியானால் தமிழ் சினிமா கேசட் ஆல்பம் இல்லையா?

பாதி. பாட்டுகள் படத்தின் தேவைக்கு எழுதப்பட்டவை. கேசட்டில் எந்த வரிசையில் வந்தது என்பது பெரும்பாலும் விற்பனைக் கணக்கு. ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று இரண்டு படங்களைக் கட்டிவைத்த கேசட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சம்பந்தமே இல்லாத அந்த இரண்டு படங்களும் இன்றும் மனசில் ஒட்டித்தான் கிடக்கும்.

நம் ஊர் நிஜ ஆல்பத் தயாரிப்பாளர்கள் ரெக்கார்டிங் சென்டர்காரர்கள்தான். பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் ஆறு பாட்டு வரும். ஏழாவதைத் திணித்தால் கடைசிச் சரணத்தில் நாடா தீர்ந்துவிடும். அதனால் கடைசியில் எந்தச் சின்னப் பாட்டை வைப்பது, எதற்குப் பின் எது பொருந்தும் என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் எல்லோரும் ஆல்பம் வேலையைத்தான் செய்தார்கள்.

ஃப்யூஷன் என்றாலே கலவைச் சோறு மாதிரி இருக்கிறது. நல்லது எது?

‘சக்தி வித் ஜான் மெக்லாஃப்ளின்’ (1976). 1975இல் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. கிதார் மெக்லாஃப்ளின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். இதில் ஒருவர் இன்னொருவரின் இசைக்கு அலங்காரம் செய்யவில்லை. மெக்லாஃப்ளினின் கிதாரே தனியாகச் செய்யப்பட்டது. சுரக்கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருப்பார்கள்; அதனால் தந்தியை அழுத்திக் கமகம் எடுக்கலாம். ஒலித்துளைக்கு மேலே குறுக்காக ஏழு சுருதித் தந்திகள். வாத்தியத்திலிருந்தே மாற்றிக்கொண்டு வந்த ஆள் என்பதால்தான் அந்த இசை ஒட்டவைத்தது போல இல்லை.

எல்பியில் கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: இதன் இரண்டாம் பக்கம் ஒரே தடம், 29 நிமிடம். அவ்வளவு நேரத்தை ஒரு பக்கத்தில் அடைக்க வேண்டுமென்றால் பள்ளங்களை நெருக்கி, ஒலியைத் தாழ்த்தித்தான் வெட்ட முடியும். முதல் பக்கத்தைவிட அடங்கி ஒலித்தால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்காதீர்கள்.

இந்துஸ்தானிக்கு வர ‘கால் ஆஃப் தி வேலி’. சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாதின் குழல், பிரிஜ் பூஷன் கப்ராவின் கிதார். காஷ்மீர இடையன் ஒருவனின் ஒரு நாள், காலையிலிருந்து இரவு வரை. ஆஹிர் பைரவ் என்றால் நம் சக்கரவாகம், நட் பைரவ் என்றால் சரசாங்கி, பூப் என்றால் மோகனம். பிறகு தேஷ், பஹாடி. இந்த ஒப்பீட்டை நுழைவுச் சீட்டாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போனதும் கிழித்துப் போட்டுவிடலாம். சில சிடி பதிப்புகளில் கடைசியில் வேறு தடங்களை ஒட்டியிருப்பார்கள். பஹாடி முடிந்ததும் நிறுத்திவிடுங்கள், நாள் அங்கேயே முடிகிறது.

மெட்டல் வெறும் சத்தம்தானே?

சத்தம்தான், ஆனால் ‘வெறும்’ இல்லை. ப்ளாக் சப்பத்தின் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ (1971) கேட்டுப் பாருங்கள். கிதார் வாசித்த டோனி அயோமி இரும்புத்தகட்டு ஆலையில் வேலை பார்த்தபோது வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அதுதான். தந்தியின் விறைப்பைக் குறைத்தால் விரல் வலிக்காது என்று இந்த ஆல்பத்தின் சில பாட்டுகளுக்கு கிதாரை ஒன்றரைச் சுரம் இறக்கினார். நம் கணக்கில் சொன்னால் மூன்று கட்டையில் இருக்க வேண்டிய தந்தி ஒன்றரைக் கட்டைக்கு வந்தது. வலிக்குக் கண்ட வைத்தியம். அந்த அடிக்கனம் பின்னால் வந்த ஒரு பெரும் கூட்டத்துக்கே இலக்கணமாகிவிட்டது.

உண்மையிலேயே வெறும் சத்தமான பதிவும் உண்டு. மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ (2008) சிடியில் மெல்லியதையும் உரத்ததையும் ஒரே உயரத்துக்கு நெருக்கி, உச்சிகள் வெட்டுப்படும் அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். அதே பாட்டுகள் கிதார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டில் அவ்வளவு நெருக்காமல் வந்ததால் ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுக் கொதித்தார்கள். இருபது நிமிடத்தில் காது சலித்துப்போனால் குறை உங்கள் ரசனையில் இல்லை.

நல்ல ஹெட்ஃபோன் வாங்கினால்தான் ரசிக்க முடியுமா?

விலையைவிட அடிச்சுரம் வருகிறதா என்பதே முக்கியம். போன் ஸ்பீக்கரில் கீழ்ச் சுரங்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஏ ட்ரைப் கால்டு க்வெஸ்டின் ‘தி லோ எண்ட் தியரி’ (1991) ஹிப்ஹாப் ஆல்பத்தின் பெயரே அடிச்சுரத்தைப் பற்றியது. ஒரு தடத்தில் ஜாஸ் மேதை ரான் கார்ட்டரே டபுள் பேஸ் வாசிக்கிறார். அந்த வாத்தியத்தின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். போனை மேசையில் வைத்து இதைக் கேட்டால் பாதி ஆல்பம்தான் கேட்கிறீர்கள். சாதாரண ஒயர் இயர்ஃபோன்கூட காதில் இறுக்கமாகப் பொருந்தினால் போதும். இறுக்கம் தளர்ந்தால் முதலில் காணாமல் போவது பேஸ்தான்.

ஒரே ஆல்பத்துக்கு நாலு பதிப்பு இருக்கிறது. எதை எடுப்பது?

முதலில் வெளிவந்த வரிசையும் நீளமும் கொண்டதை. கூடுதல் தடங்களைத் தனியாக இன்னொரு நாள் கேளுங்கள். விதிவிலக்கு, பதிப்பு மாறினால் இசையே மாறும் ஆல்பங்கள். பாப் மார்லி இருந்த வெய்லர்ஸ் குழுவின் ‘கேட்ச் எ ஃபயர்’ (1973) ஜமைக்காவில் பதிவாகி, லண்டனில் ராக் ரசிகர்களுக்காகக் கிதாரும் கீபோர்டும் சேர்க்கப்பட்டது. 2001 பதிப்பில் சேர்ப்பதற்கு முந்தைய ஜமைக்கா வடிவமும் இருக்கிறது. எங்கள் ஓட்டு ஜமைக்காவுக்கு. பேஸும் ட்ரம்ஸும் மூச்சுவிட இடம் இருக்கிறது.

மொழி தெரியாத ஆல்பத்தை வரி புரியாமல் கேட்கலாமா?

தாராளமாக. 1996இல் ஹவானாவின் எக்ரெம் ஸ்டூடியோவில் பதிவான ‘புவேனா விஸ்டா சோஷியல் க்ளப்’ ஸ்பானிஷ். முதலில் மாலி நாட்டு இசைக்காரர்களையும் சேர்ப்பதாகத்தான் திட்டம், அவர்களால் வர முடியவில்லை. காம்பாய் செகுந்தோவுக்கு அப்போது 88 வயது. அறையின் எதிரொலியையும் ருபேன் கொன்சாலஸின் பியானோவையும் கேளுங்கள், அர்த்தம் அப்புறம்.

பழைய ரெக்கார்டு பிளேயரில் எதைச் சரிபார்ப்பது?

ஊசியின் எடை முதலில். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைத் தயாரித்தவர் சொன்ன எடையை வையுங்கள். இன்றைய சாதாரண வகைகளுக்குப் பெரும்பாலும் 1.5 முதல் 2.5 கிராமுக்குள் வரும். தட்டு தேயாமல் இருக்க எடையைக் குறைக்கிறேன் என்று சிலர் செய்வது தவறு. எடை போதாத ஊசி பள்ளத்துக்குள் துள்ளும். தேய்மானத்தைவிட அந்தத் துள்ளல்தான் சுவரைக் காயப்படுத்தும்.

ஒலி சன்னமாக, பேஸே இல்லாமல் வந்தால் இடையில் போனோ ப்ரீஆம்ப், அதாவது ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்கி பேஸைச் சரிசெய்யும் கருவி, இல்லை. மாறாக இடிபோல உருண்டு பிசிறடித்தால் இரண்டு ப்ரீஆம்ப் ஒன்றன்மேல் ஒன்று வேலை செய்கிறது. பிளேயரின் பின்னால் இருக்கும் சுவிட்சை லைனிலிருந்து போனோவுக்கு மாற்றுங்கள்.

கடைசிப் பாட்டில் மட்டும் ‘ஸ’கரம் கரகரக்கிறதா? எல்பியின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, உள்ளே வரவர 21 செ.மீ. ஆகிவிடும். அதே ஒலியைக் குறுகிய இடத்தில் எழுதியிருப்பதால் கார்ட்ரிட்ஜின் கோணம் கொஞ்சம் பிசகினாலும் முதலில் அங்கேதான் தெரியும். கோண அளவுகாட்டி அட்டை வைத்து நிமிர்த்தினால் பாதி சரியாகும்.

78 தட்டுக்கு எல்பி ஊசி ஆகாது. அதன் பள்ளம் இரண்டு மூன்று மடங்கு அகலம். சின்ன ஊசி அடியில் கிடக்கும் தூசியில் உரசிக்கொண்டு போகும். எல்பியைத் துடைக்கும் ஆல்கஹால் கலவையை 78 மேல் ஊற்றவே கூடாது. அது அரக்கு, ஆல்கஹாலில் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் ஒரு துளி மென்சோப்பும் போதும்.

பழைய கர்நாடக 78 தட்டுகளில் பாடகர்கள் ஏன் இவ்வளவு அவசரமாகப் பாடுகிறார்கள்?

மூன்று நிமிடத்துக்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் முடிய வேண்டும். அது ஒரு காரணம். இன்னொன்று, 78 என்று பெயர் இருந்தாலும் எல்லாத் தட்டும் துல்லியமாக 78இல் பதிவானவை அல்ல. வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைச் சுரம் ஏறிவிடும். தெரிந்த பாடகர் வழக்கமான கட்டையைவிட உயர்ந்து, குரலும் கீச்சென்று ஒலித்தால் வேகத்தை இறக்கி, சுருதி பொருந்தும் இடத்தில் நிறுத்துங்கள். அவசரமும் கொஞ்சம் தணியும்.

பரணில் கிடந்த கேசட்டை அப்படியே போடலாமா?

வேண்டாம். நாடா தெரியும் ஜன்னலில் வெள்ளைப் பொடியோ நூலோ தெரிந்தால் பூஞ்சை. போட்டால் பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தமாக இருந்தால் முதலில் ஒரு முறை முழுசாக முன்னோக்கி ஓட்டி, பின்னோக்கிச் சுற்றுங்கள். வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுற்றுகள் விடுபடும். நாடாவுக்குப் பின்னாலிருக்கும் சின்னப் பஞ்சுத் திண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கி, ஏறி இறங்கும்; வீணான கேசட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைக்கலாம்.

ஹெட்டையும் ரப்பர் உருளையையும் பஞ்சு சுற்றிய குச்சியால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். கை கழுவும் சானிடைசர் ஆகாது, அதில் இருக்கும் பிசுபிசுப்பு நாடாவில் படியும். பாட்டு இழுத்து இழுத்துப் பாடினால் பெரும்பாலும் பெல்ட் தளர்ந்திருக்கும். கேசட்டைக் குறை சொல்லும் முன் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள்.

எத்தனை தடவை கேட்டும் பிடிக்கவில்லை என்றால்?

மூன்று தடவை, வெவ்வேறு வாரங்களில். அதற்கு மேல் வற்புறுத்த வேண்டாம்.

பிள்ளைகளை எதில் உட்கார வைக்கலாம்?

க்ராஃப்ட்வெர்க்கின் ‘ஆட்டோபான்’ (1974). முதல் பக்கம் முழுக்க ஒரே தடம், 22 நிமிடத்துக்கு மேல். ஜெர்மனியின் விரைவுச்சாலையில் ஒரு கார்ப் பயணம். கார்க் கதவு சாத்தும் சத்தம், எஞ்சின் உயிர்பெறும் சத்தம், ஹாரன், பிறகு சிந்தசைஸர். ஒற்றைத்தட்டுக்காக மூன்றரை நிமிடத்துக்கு வெட்டிய வடிவமும் உண்டு; அதைப் போடாதீர்கள், வண்டி எங்கேயும் போய்ச் சேராது. எதிரே வரும் வண்டி விர்ரென்று கடந்து போகும் இடத்தில் சத்தம் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போகும். அதைக் கேட்க, ஹெட்ஃபோன் இடம் வலம் மாறாமல் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.